சனிக்கிழமை கிடந்த சேவல் இறகு

தம்பி தங்கைகளே! போன மாதம் நீங்கள் அனுப்பிய கேள்விகளை எல்லாம் படித்தேன். ஒன்றைவிட ஒன்று கெட்டி. அதனால்தான் இந்த மாதம் மாமா துணிந்து கொஞ்சம் பெரிய விஷயத்தை எடுத்திருக்கிறேன். மெதுவாகப் போவோம். புரியாத இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படியுங்கள். அவசரமே இல்லை.

முதலில் உங்கள் வலது கையை எடுத்து, வலது பக்கத்துக் கடைசி விலா எலும்புகள் மேல் வையுங்கள். வைத்தாச்சா? அதற்கு உள்ளேதான் கல்லீரல் இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு அது சுமார் ஒன்றரைக் கிலோ எடை. சாப்பாட்டில் வரும் சத்தைப் பிரித்து வைப்பது, நஞ்சை முறிப்பது, பித்தநீர் சுரப்பது என்று அதற்கு ஓயாத வேலை.

சில பேருக்கு இந்தக் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி வந்துவிடும். டாக்டர் அறுவை செய்து கட்டியை எடுத்துவிடுவார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் டாக்டர் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டி முழுசாகப் போய்விட்டதா? கண்ணுக்குத் தெரியாமல் நாலு செல் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கல்லீரல் புற்றுநோய்க்குத் திரும்பி வரும் குணம் அதிகம். ஸ்கேனில் தெரியும் அளவுக்குக் கட்டி வளர்வதற்குள் அதில் கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்துவிடும். சரி, ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். கல்லீரலுக்குள் ரத்த ஓட்டம் மிக அதிகம். குத்தினால் ரத்தம் கசியலாம். மாதம் ஒருமுறை குத்திப் பார்க்க முடியுமா? முடியாது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? இங்கேதான் நான் உங்களை அய்யலூருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் வழியில், வடமதுரை தாண்டினால் அய்யலூர். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். வியாழக்கிழமை என்றால் சந்தை. விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கும். நாட்டுக்கோழி, கட்டுச்சேவல், தக்காளிக் கூடை என்று எல்லாம் வரும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வியாழன் என்றால் கால் வைக்க இடம் இருக்காது.

இப்போது ஒரு விளையாட்டு. நீங்கள் தாமதமாகப் போகிறீர்கள். சந்தை கலைந்துவிட்டது. ஆளும் இல்லை, ஆடும் இல்லை. ஆனால் தரையைப் பார்க்கிறீர்கள். ஆட்டுப் புழுக்கை கிடக்கிறது. கடித்துப் போட்ட தழை, நசுங்கிய தக்காளி, நாலைந்து இறகு. இன்றைக்கு என்னென்ன விற்பனைக்கு வந்தது என்று உங்களால் சொல்ல முடியுமா, முடியாதா? முடியும்!

இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். தூய்மைப் பணியாளர்கள் வந்து இடத்தைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தரையில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில் போகிறீர்கள். ஒரு சேவல் இறகு கிடக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

"பெருக்கிய பிறகு ஒரு சேவல் இங்கே வந்திருக்கிறது!" அடடா, சரியாகப் பிடித்தீர்கள்.

பெருக்கவே பெருக்காத சந்தையாக இருந்தால்? அந்த இறகு நேற்று விழுந்ததா, போன மாதம் விழுந்ததா என்று யாருக்குத் தெரியும்? அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெருக்குகிறார்கள் என்பதால்தான் புது இறகு சாட்சி சொல்கிறது. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய பாடத்தின் உயிர்நாடியே இதுதான்.

இனி ரத்தத்துக்குள் போவோம்.

நம் உடம்பில் நாள்தோறும் ஏராளமான செல்கள் சாகின்றன, புதியவை பிறக்கின்றன. இது நோய் இல்லை, இயல்பான வேலை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். உடம்பை எப்படிக் கட்ட வேண்டும், எப்படி நடத்த வேண்டும் என்று எழுதி வைத்த நீண்ட இழை அது. ஏ, டி, சி, ஜி என்று நாலே எழுத்து. ஒரு தொகுப்பில் சுமார் 300 கோடி எழுத்துகள்.

செல் சாகும்போது அந்த இழை துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது. ஒரு துண்டில் சுமார் 166 எழுத்துகள். இந்தத் துணுக்குகள் ரத்தத்தில் வந்து விழுகின்றன. உங்கள் ரத்தத்திலும் இந்த நிமிடம் அவை மிதக்கின்றன. என் ரத்தத்திலும்தான்.

இதை முதலில் கண்டு சொன்னவர்கள் மாண்டெல், மெத்தே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள். ஆண்டு 1948. டி.என்.ஏ.வின் முறுக்கு வடிவத்தையே 1953இல்தானே கண்டுபிடித்தார்கள்! அதற்கும் ஐந்து ஆண்டு முன்பு இவர்கள் சொன்னதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாவம், சீக்கிரம் வந்துவிட்ட விருந்தாளிகள்.

அடுத்து நாம் ஹாங்காங் போக வேண்டும். அங்கே டென்னிஸ் லோ என்று ஒரு மருத்துவ விஞ்ஞானி. கட்டியின் டி.என்.ஏ. நோயாளியின் ரத்தத்தில் கிடைக்கிறது என்ற செய்தியை 1996இல் படித்தார். உடனே அவருக்கு ஒரு யோசனை. அம்மா வயிற்றில் குழந்தையும் இருக்கிறதே, அதன் டி.என்.ஏ.வும் அம்மா ரத்தத்துக்குள் வருமோ? தேடினார். வந்தது! 1997இல் அதை வெளியிட்டார். ரத்தத்தின் தெளிந்த நீரை எப்படிப் பக்குவப்படுத்துவது என்று யோசித்தபோது, உடனடி நூடுல்ஸ் வேகவைப்பதுதான் நினைவுக்கு வந்ததாம். கொதிக்க வைத்தே பார்த்தார். பெரிய ஆராய்ச்சிக்குச் சமையலறையும் கைகொடுக்கும் பார்த்தீர்களா?

அவர் குழு அடுத்து பார்த்த விஷயம்தான் நமக்கு முக்கியம். குழந்தை பிறந்த பிறகு அதன் துணுக்குகள் அம்மா ரத்தத்தில் எவ்வளவு நேரம் இருக்கின்றன? 1999இல் விடை வந்தது. சராசரியாகச் சுமார் 16 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றன.

பென்சிலை எடுங்கள், ஒரு கணக்கு. முதலில் 1,000 துணுக்கு. 16 நிமிடம் கழித்து 500. மறுபடி 16 நிமிடம், 250. அப்புறம் 125. இப்படியே பத்து முறை பாதியாக்குங்கள். 160 நிமிடத்தில் எத்தனை மிச்சம்? ஒன்றுகூடத் தேறாது! மூன்று மணி நேரத்துக்குள் தரை சுத்தம். கட்டியிலிருந்து வரும் துணுக்குகள் இன்னும் சற்று நேரம் தங்கலாம். பெருங்குடல் புற்றுநோய்க்காரர் ஒருவரிடம் அறுவைக்குப் பிறகு அளந்தபோது, பாதியாகக் குறையச் சுமார் இரண்டு மணி நேரம் ஆனது. எப்படிப் பார்த்தாலும் இது மணிக்கணக்கு, மாதக்கணக்கு இல்லை.

இந்தப் பெருக்கும் வேலையில் பெரிய பங்கு யாருக்குத் தெரியுமா? நம் கல்லீரலுக்கேதான்!

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். போன மாதம் அறுவை முடிந்தது. இன்றைக்கு எடுத்த ரத்தத்தில் கட்டியின் துணுக்கு இருக்கிறது. அப்படியானால் அது பழைய கட்டியின் மிச்சமாக இருக்க முடியாது. அதை இன்றைக்கு உதிர்த்த செல்லின் கூட்டம் எங்கேயோ உயிரோடு இருக்கிறது. சனிக்கிழமை கிடந்த சேவல் இறகு!

கொஞ்சம் மூச்சு விடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

வந்தாச்சா? இப்போது ஒரு கெட்டிக்காரக் கேள்வி வர வேண்டுமே. ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் பெரும்பகுதி சாதாரண ரத்தச் செல்களிலிருந்து வந்தவை. அவற்றுக்கு நடுவில் புற்றுநோயின் துணுக்கை மட்டும் எப்படி அடையாளம் பிடிப்பது? இந்தக் கேள்வி தானாகவே உங்களுக்கு வந்திருந்தால் உங்களுக்கு மாமா கையால் ஒரு கடலைமிட்டாய்.

கடலை என்று சொன்னேன் அல்லவா, அதிலிருந்தே விடையைத் தொடங்கலாம். திண்டுக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளைவது உங்களுக்குத் தெரியும். அறுவடையானதும் களத்தில் பரப்பிக் காய வைப்பார்கள். சரியாகக் காயாமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் என்ன ஆகும்? பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சைகளில் ஒரு வகை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் திடீரென்று செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று துப்புத் துலக்கியபோது இந்த நஞ்சு பிடிபட்டது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில், காலம் தவறிப் பெய்த மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டார்கள். வேறு தானியம் இல்லை, என்ன செய்வார்கள்? கல்லீரல் கெட்டு 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே மக்காச்சோளத்தைத் தின்ற நாய்களும் செத்தன. அது ஒரேயடியாக நஞ்சு ஏறியதால் வந்த சாவு, புற்றுநோய் இல்லை. ஆனால் இதே நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உள்ளே போனால் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வில் கை வைக்கிறது.

எங்கே கை வைக்கிறது என்பதுதான் வியப்பு. பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது. டி.என்.ஏ. பழுதான செல்லை "நீ பெருகாதே, நில்!" என்று தடுப்பது அதன் வேலை. அந்தப் புரதம் 393 அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 249ஆவதற்கான குறிப்பு, ஏஜிஜி என்ற மூன்று எழுத்து. அஃப்ளாடாக்சின் அந்தக் கடைசி ஜியை டி ஆக்கிவிடுகிறது. ஏஜிடி. அவ்வளவுதான், ஒரே எழுத்து! தடுக்க வேண்டிய புரதம் தடுக்காமல் போகிறது. சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் கட்டிகளைச் சோதித்த இரண்டு குழுக்கள் 1991இல் இதே மாற்றத்தைக் கண்டன. இரண்டு இடத்திலும் அஃப்ளாடாக்சின் கலந்த உணவு அதிகம்.

ஆகவே ரத்தத்தில் கிடக்கும் துணுக்கில் 249ஆம் இடத்தில் ஏஜிடி இருந்தால், அது கெட்டுப்போன செல்லிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். புரிகிறதா? எல்லாருக்கும் இதே மாற்றம் இருக்காது. வேறு சிலருக்கு வேறு மரபணுவில் எழுத்து மாறியிருக்கும். அதனால் முதலில் கட்டியில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதையே ரத்தத்திலும் தேடுவார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. கடலைச் சாகுபடிக்குப் பேர்போனது. அங்கே கல்லீரல் புற்றுநோய் வந்த 53 பேரின் ரத்தத்தில் இந்த ஒற்றை எழுத்தைத் தேடினார்கள். 2000இல் முடிவு வந்தது. 19 பேரிடம் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, புற்றுநோய் இல்லாத அந்நாட்டவர் 53 பேரையும் சோதித்தார்கள். அதில் 3 பேரிடம் கிடைத்தது.

இங்கே நில்லுங்கள். இந்த எண்கள் என்ன சொல்கின்றன? நோய் இருந்தும் 34 பேரிடம் சிக்கவில்லை. நோய் இல்லாமலே 3 பேரிடம் சிக்கியது. அப்படியானால் இந்த ஒரே ஒரு எழுத்தை வைத்து "உனக்கு நோய்", "உனக்கு இல்லை" என்று தீர்ப்புச் சொல்லலாமா? கூடாது. சோதனை நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாத விஞ்ஞானிக்கு அழகு, இப்படி இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பது.

அதனால் ஒரு எழுத்தோடு நிற்காமல், பல இடங்களில் தேடத் தொடங்கினார்கள். டென்னிஸ் லோவின் குழு 2013இல் கல்லீரல் புற்றுநோயாளிகள் நாலு பேரின் ரத்தத்தை அறுவைக்கு முன்பும் பின்பும் எடுத்து, மிதக்கும் துணுக்குகளை ஒட்டுமொத்தமாகவே வாசித்தது. கட்டியை எடுத்த பிறகு அதன் துணுக்குகள் சரசரவென்று குறைந்திருந்தன. 2015இல் இன்னொன்றும் சொன்னார்கள். கட்டியின் துணுக்குகள் மற்றவற்றைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கின்றன. நீளமும் ஒரு துப்பு!

சோதனைக்கூடத்தில் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம், சுமார் 10 மில்லி, எடுப்பார்கள். வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள். செல்கள் கீழே படியும். மேலே வெளிர்மஞ்சள் நீர் நிற்கும், அதுதான் பிளாஸ்மா. துணுக்குகள் அதில்தான் இருக்கும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தார்களே, அந்தப் பி.சி.ஆரின் உறவுக்கார முறை ஒன்று இங்கே உதவும். பிளாஸ்மாவிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வைச் சுமார் 20,000 நுண்துளிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துளியிலும் தனித்தனியே நகல் எடுக்கும் வேலை நடக்கும். மாறிய எழுத்து எந்தத் துளியில் இருக்கிறதோ, அது தனி நிறத்தில் ஒளிரும். ஒளிர்ந்ததை எண்ணினால் விடை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் சிக்கல் உண்டு. நலமாக உள்ளவரின் ஒரு மில்லி பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ. ஏதோ ஓராயிரம், ஈராயிரம் முழுத் தொகுப்புக்குத்தான் தேறும். அதில் கட்டியின் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்றால், தேடும் எழுத்துள்ள துணுக்கு ஒரு மில்லியில் ஒன்றோ இரண்டோதான். எடுத்த குழாயில் அது வராமலே போகலாம். ஆகவே "கிடைக்கவில்லை" என்றால் "இல்லவே இல்லை" என்று பொருளாகாது.

இன்னொரு சிக்கல். அறுவை முடிந்த கையோடு ரத்தம் எடுத்தால், காயம் ஆறும்போது சாதாரண செல்களின் துணுக்குகள் வந்து குவியும். தேடுவது அதில் மூழ்கிப்போகும். அதனால் சில வாரம் பொறுத்துத்தான் எடுப்பார்கள்.

இப்போது நம் ஆஸ்பத்திரிகளில் என்ன செய்கிறார்கள்? அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கு ஒரு ரத்தச் சோதனை. இந்தப் புரதத்துக்கும் கல்லீரல் கட்டிக்கும் உள்ள உறவை 1963இல் அபெலேவ் என்ற சோவியத் விஞ்ஞானி எலிகளில் கண்டார். இன்றும் உதவும் சோதனைதான். ஆனால் எல்லா நோயாளிக்கும் அது கூடுவதில்லை. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஐந்தாறு நாள் வேண்டும். துணுக்கோ மணிக்கணக்கில் காலி. எது புதிய செய்தி சொல்லும் என்று நீங்களே சொல்லுங்கள்! ஆனாலும் டி.என்.ஏ. சோதனை கல்லீரல் புற்றுநோய்க்கு இன்னும் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை. செலவு அதிகம். பல ஆயிரம் பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்த பிறகே அதை முழுதாக நம்ப முடியும்.

அப்படிப் பின்தொடர்ந்து எண்ணும் வேலை திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில், ஒரு கிராமத்து மருத்துவமனை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோடு சேர்ந்து, யாருக்கு என்ன புற்றுநோய் என்று 1990களிலிருந்தே பதிவேடு வைத்தது. 2000இல் தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எளிய சோதனை ஒன்றைச் செய்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2007இல் உலக மருத்துவ இதழ் ஒன்றில் முடிவு வந்தது. சோதனை செய்த ஊர்களில் அந்த நோயால் வரும் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. திண்டுக்கல் பாட்டிகளும் அம்மாக்களும் உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

கடைசியாக ஒன்று. கல்லீரல் புற்றுநோய்க்கு அஃப்ளாடாக்சினைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. மது ஒன்று. ஹெபடைடிஸ் பி, சி என்ற வைரஸ்கள் இன்னும் இரண்டு. பி வைரஸைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். அவரும் சென்னையின் எஸ்.பி. தியாகராஜனும் மற்றவர்களும் சேர்ந்து, நம் வேலியோரத்துக் கீழாநெல்லி இந்த வைரஸை விரட்டுமா என்று சோதித்து 1988இல் எழுதினார்கள். முடிவு நம்பிக்கை தந்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. வருத்தம்தான், என்ன செய்வது? இந்த வைரஸுக்கு உறுதியான காவல் தடுப்பூசி. தைவான் 1984இல் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அங்கே பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியானது. நம் தமிழ்நாட்டில் 2011 டிசம்பரிலிருந்து, ஐந்து நோய்களை ஒன்றாகத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே அது வருகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தனியாக ஒன்றும் போடுவார்கள்.

ஆகவே இன்றைக்கு உங்களுக்கு இரண்டு வேலை. அம்மாவிடம் உங்கள் தடுப்பூசி அட்டையை வாங்கி, ஹெபடைடிஸ் பி எந்தெந்தத் தேதியில் போட்டது என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கடலை தின்னும்போது பூஞ்சணம் பிடித்ததோ, சுருங்கிக் கசப்பதோ வந்தால் துப்பிவிடுங்கள். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.